வேலியில் இருந்த சிவப்பு அம்பு

இன்று காலை கதவைத் திறந்தால், எங்கள் வீட்டு மரவேலியில் சிவப்பு ஸ்பிரே பெயிண்டில் "காதணி விழா" என்று எழுதி, கீழே முழ நீளத்துக்கு ஓர் அம்பு! பாலிஷோ வார்னிஷோ காணாத வெறும் மரம் அது.

ஹார்டுவேர் கடைக்காரர், "தின்னர் வாங்கிட்டுப் போங்கக்கா, தொடச்சா போயிடும்" என்றார்.

"இரும்பு கேட்டுன்னா போகும். வெறும் மரத்துல தின்னர் ஊத்துனா பெயிண்ட் கரைஞ்சு உள்ளதான் எறங்கும். நீங்க உப்புத்தாள் குடுங்க."

மர ரேகை ஓடுகிற போக்கிலேயே தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கீறல் விழுந்துவிடும். இரண்டு மணி நேரத்தில் எழுத்தும் இல்லை, அம்பும் இல்லை. எனக்கே என்னைப் பாராட்டத் தோன்றியது.

அப்போது சீர்த்தட்டுகளோடு ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் இறங்கி, வேலியை மேலும் கீழும் பார்த்தார்.

"வலங்கைமான்லேர்ந்து வர்றோம்ங்க. செவப்பு அம்பு பாத்துத் திரும்புங்கன்னு மச்சான் சொன்னாரு. அம்பையே காணுமே! நான்தாங்க தாய்மாமன்."

தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியுமா? அந்த மச்சானுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவுகளை விழுங்கிக்கொண்டு, கையை நீட்டி வழி சொன்னேன்.

பின்னாலேயே ஒரு வேன். அதன் பின்னால் இரண்டு பைக். பதினோரு மணி வரை, மரத்தூள் ஒட்டிய கையோடு வேலியோரம் நின்றேன்.

வேலியில் இப்போது ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. சந்தேகமிருந்தால் நேரில் வந்து பாருங்கள்.

வழிகாட்டத்தான் நான் நிற்கிறேனே.