மூலையில் இருந்த ஒட்டுப்பால்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் தரிப்பிடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய நோட்டீஸைச் சுரண்டிவிடுவேன். இப்படிப்பட்டவளைப் போய் ஒரு மீன்தொட்டியின் முன்னால் நிறுத்தினார்கள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் ரப்பர் மலையில் பால் வெட்டினேன். முழங்கால் வீங்கியபோது, கரவனெல்லை ஆஸ்பத்திரி டாக்டர் இனி மலை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோட்டத்து லயத்தில் எல்லோரிடமும் இனி அதைத் தொடமாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லியும் விட்டேன். புளத்கொகுபிட்டிய டவுனில் ஒரு ஹாட்வெயார் கடை முதலாளி வீட்டில் வேலை கிடைத்தது. அவருடைய மனைவி ஓய்வுபெற்ற டீச்சர். எனக்கு முன்பிருந்தவள் எதையோ உடைத்துவிட்டுப் போனவளாம். முதலாளி முதல் நாளே கறாராகச் சொன்னார்: "பெருநாள் வரைக்கும் பார்ப்போம். ஒரு சாமான் போனாலும் அன்னைக்கே அனுப்பிருவேன்."

அந்த வீட்டில் அவர் உயிரை வைத்திருந்த சாமான் மீன்தொட்டிதான். உப்புத்தண்ணீர்த் தொட்டி. கடலே இல்லாத ஊரில் கடல்மீன் வளர்க்கும் ஆசை அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. கொழும்பிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரும். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அவற்றின் முன்னால் போய் உட்காருவார்.

கண்ணாடியில் பாசி பிடிக்காமல் பார்ப்பது என் வேலை. மெல்லிய பச்சைப் பாசி பரவாயில்லை, காந்தத் துடைப்பானை இரண்டு தரம் இழுத்தால் போய்விடும். அதற்கடியில் புள்ளிப் புள்ளியாக ஒன்று, வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்தது மாதிரி இளஞ்சிவப்பில் இன்னொன்று. இந்த இரண்டும் அசையாது. பழைய பேங்க் கார்டை டீச்சர் கையில் தந்து, "இதால மட்டும் சொரண்டுங்க. போகாட்டி விட்டுருங்க" என்றார்.

விட்டுவிடவாம். மூன்று வாரம் அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தேன். இரவு லயத்தில் படுத்தாலும் அவைதான் கண்ணில் நின்றன. கூட்டும்போது பார்ப்பேன், துடைக்கும்போது பார்ப்பேன், கறிக்கு வெங்காயம் வெட்டுகிறவள் எழுந்துபோய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவேன். கார்டின் ஓரம்தான் தேய்ந்தது.

ஒரு வியாழக்கிழமை, டீச்சர் அறைக்குள் பகல் தொழுகைக்கு, லுஹர் தொழப் போன நேரத்தில், முதலாளியின் சவர பிளேட் ஒன்றை எடுத்துவந்தேன். கையைத் தோள்வரை கழுவிவிட்டுத் தண்ணீருக்குள் விட்டேன். பிளேட்டைச் சரித்து வைத்து ஒரு இழுப்பு. சிவப்பு, சீவலாக உதிர்ந்தது. மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கை இது. கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பக்கம் முழுவதையும் முடித்துவிட்டு மூலைக்கு வந்தேன்.

ரப்பர் மரத்தில் வெட்டின கோட்டில் கொஞ்சம் பால் வழியாமல் தங்கி, காய்ந்து, ஒரு நாடாவாக ஒட்டிக்கிடக்கும். அதுதான் ஒட்டுப்பால். அடுத்த தடவை கத்தி வைக்குமுன் அதை உரித்தெடுத்து இடுப்புப் பையில் போட வேண்டும். உரிக்காமல் வெட்டினால் கங்காணியிடம் ஏச்சு வாங்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு எத்தனை மரமோ, அத்தனை தடவை உரிப்போம்.

தொட்டியின் மூலையில், இரண்டு கண்ணாடி சேரும் இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு நாடா ஓடியது. அதன் மேலும் பாசி. விரல் பட்டதும் அமுங்கியது. அவ்வளவுதான் தெரியும். பிளேட் நுனியால் நெம்பினேன், விரலால் பிடித்தேன், உரித்தேன். அறுபடாமல் முழுசாக வந்ததில் ஒரு சந்தோஷம் வேறு. மடியில் சொருகிக்கொண்டு கையைத் துடைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தொட்டியடியில் கால் நனைந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. நாடாவை உரித்த மூலையிலிருந்து தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அறைக்குள் டீச்சர் தொழுகையில். கூப்பிடக் கூடாது. அரிசி கழுவும் பெரிய பேசினைக் கொண்டுவந்து தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். வலையால் இரண்டு மீனையும் பிடித்து அதற்குள் விட்டேன். காற்றுக் குழாயையும் பேசினில் போட்டேன். டீச்சர் வெளியே வந்தபோது பாதித் தொட்டி காலி, நான் தொப்பலாக நனைந்திருந்தேன்.

அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேரே போனை எடுத்து, கொழும்பில் தொட்டி செய்து கொடுத்த ஆளைச் சிங்களத்தில் பிடிபிடியென்று பிடித்தார். கள்ள வேலை செய்திருக்கிறாய், மூன்று வருடத்துக்குள் கண்ணாடி ஒட்டின பசை விட்டுப்போனது, இப்போதே வந்து பார் என்று. இந்தப் பக்கம் பிறந்த எனக்குச் சிங்களம் நன்றாகவே புரியும். மறுபக்கத்தில் அந்த ஆள் கெஞ்சுவதும் கேட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சும். முழங்காலை நினைத்துக்கொண்டு ஒரு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அந்த ஆளு மேல தப்பில்லங்க டீச்சர்" என்று மடியிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் போனைக் கீழே இறக்கினார். "என்ன இது?"

"மூலையில இருந்துச்சுங்க. நான்தான் உரிச்சேன். யோசிச்சு செய்யலைங்க, கை உரிச்சிருச்சி."

டீச்சர் அந்த நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "இத ஏன் புள்ள எனக்கிட்ட சொன்னீங்க?" என்றார். "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும். இப்ப அவர் வந்தா நான் என்னத்த சொல்ற?"

போனில் இன்னும் காத்திருந்த ஆளிடம், தப்பு உங்களுடையது இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் அங்கேயே உட்கார்ந்தேன்.

சாயந்தரம் கடையிலிருந்து முதலாளி வந்தார். பேசினைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

டீச்சர் முந்திக்கொண்டார். "நான்தான். பிளேட்டால சொரண்டப் போய் மூலைய வெட்டிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை உட்காரவைத்த பார்வையோ அது. வாயை மூடினேன். முதலாளி என் முன்னாலேயே அவரைத் திட்டினார். படிச்ச மனுசிக்கு இதுகூட விளங்காதா என்றார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

மூலையைத் திரும்பவும் பசை வைத்து ஒட்டி, பழையபடி தண்ணீர் ஊற்றி, மீன்களை விட்டாயிற்று. பெருநாளும் போய்விட்டது. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் முதலாளி தொட்டியைக் காட்டுவார். "எங்கட டீச்சர் கையில பிளேட்ட குடுத்துராதீங்க, வீட்டையே அறுத்துருவா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். டீச்சரும் சேர்ந்து சிரிப்பார். நான் பிளேன்டீத் தட்டை வைத்துவிட்டு வேகமாகக் குசினிக்குள் போய்விடுவேன்.