அத்தை வந்துச்சு

பிள்ளைகளே, நீங்கள் "அம்மா வந்துச்சு, அம்மா தூங்குது" என்று சொல்வதைக் கேட்டு மாடி வீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று சின்னவள் நேற்று அழுதாள். திருத்தச் சொல்லி உங்கள் வாத்தியாரும் சொல்லியனுப்பினார். நான் திருத்தப் போவதில்லை. ஏன் என்று எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுதுவது, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நயா பைசா வந்த புதுசில் எனக்குக் கல்யாணம். உங்கள் அம்மா உப்பிலியபுரத்துப் பெண். அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். உறையூருக்கு வந்தவள், என் அம்மாவை, அதாவது உங்கள் அப்பாயியை, "அத்தை வந்துச்சு, அத்தை குளிக்குது" என்றாள். நம் தெருவிலும் சின்னப் பெண்களை அப்படிச் சொல்வதுண்டு. மாமியாரைச் சொல்ல மாட்டார்கள்.

"ஏன்டி, என்னைத் தொழுவத்துலயா கட்டியிருக்கு?" என்றார்கள் அம்மா.

அன்றிலிருந்து அவள் பாதிப் பேச்சோடு நிறுத்திக்கொண்டாள். "அத்தை, சாப்பாடு." "அத்தை கோயிலுக்கு." அவ்வளவுதான். அம்மா அதைத் திமிர் என்றார்கள். மண்டி வேலை முடிந்து வந்தால், இவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு உட்காரப் பிடிக்காது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

ஆடி பிறந்ததும் மாமனார் வந்து மகளை அழைத்துப் போனார். அது வழக்கம்தான். ஆவணியில் நம் பக்கத்துப் பெரியவர்கள் போய்க் கூட்டி வரவேண்டும். "நான் போக மாட்டேன். வேணும்னா அவளா வரட்டும்" என்றார்கள் அம்மா. கூப்பிடாமல் பெண்ணை அனுப்புகிற வீடில்லை அது. அவள் வராமலே போய்விடுவாளோ என்று பயந்தேன். ஆடிப் பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் அம்மா காவிரியைப் பார்த்து நின்றார்கள். நான் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

மறுவாரம் ஆடி விருந்துக்கு உப்பிலியபுரம் போனேன். அங்கே உங்கள் அம்மா வாய் ஓயாமல் பேசினாள். எனக்கு அந்தக் குரலே புதுசு. தமிழில் பேசும்போது பெற்ற தாயையும் அவர்கள் "வந்துச்சு" என்றே சொன்னார்கள். ஏன் அப்படி என்று உங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"எங்க பாஷையில ஒரு பொம்பளை தனியா வந்தா பசு வந்த மாதிரிதான் சொல்லுவோம். ரெண்டு பேரா வந்தா ஆம்பளைங்களைச் சொல்ற மாதிரி 'வந்தாங்க'ன்னுடுவோம். மனசுல ஒண்ணும் கிடையாதுங்க. நீங்க மட்டும் என்ன? குழந்தை அழுவுதுங்கறீங்க, அது மனுஷன் இல்லையா? அத்தை ஒரே ஆளுதானே, 'வந்தாங்க'ன்னு சொன்னா, கூட வேற யாரு வந்தாங்க?"



சாப்பிடும்போது, எனக்கும் புரியட்டும் என்று தமிழில் அவள் தன் தாயிடம் சொன்னாள்: "எங்க அத்தை கத்தரிக்கா குழம்புக்குப் புளியைச் சுட்டுக் கரைக்கும். நீயும் வைக்கிறியே."

ஊர் திரும்பி அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் தனியா வந்தா மாடு, அவளோட வந்தா மனுஷி. நல்ல பாஷைடா" என்று சொல்லிக்கொண்டே அரிசி புடைத்தார்கள்.

குழம்பு விஷயத்தையும் சொன்னேன். முறம் நின்றது.

"புளி சுடறதை நான் அவளுக்குக் காட்டித் தரவே இல்லையே."

"பார்த்திருக்கா."

"நல்லா இருக்குன்னு சொல்லுச்சா, சும்மா சொல்லுச்சா?"

"அவங்க அம்மா முகம் சுண்டிப் போச்சு."

அம்மா சிரிக்கவில்லை. மறுபடி புடைக்க ஆரம்பித்தார்கள். கடைசி உமி போனபின் சொன்னார்கள்: "ஆவணி பிறந்ததும் நானே போய்க் கூட்டிட்டு வரேன். நீ வர வேணாம். ரெண்டு பொம்பளையா வந்தாத்தானே அவங்க பாஷையில மரியாதை."

ஆவணி பிறந்து, அம்மாவைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மத்தியானம்தான் வருவார்கள். கால் நிற்கவில்லை. மண்பானைத் தண்ணீரைக் கொட்டி, பானையைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். வெயிலில் வருகிறவர்களுக்குக் குளிர்ந்திருக்கட்டும் என்று ஈரத்துணி சுற்றி வைத்தேன்.