கோமதி மதினியின் வெள்ளிக்கிழமை நடனம்

மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப ஒரு பக்கச் சடையைப் பின்னி முடித்திருந்தேன். சென்னையிலிருந்து போன். மதினி தங்கியிருந்த பெண்கள் விடுதியின் பொறுப்பாளர் அம்மா. "கோமதி ரொம்ப நேரமா கதவத் திறக்கல, உடைச்சுத்தான் உள்ள போனோம்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. "எம்மா, வலிக்கி" என்று பிள்ளை கத்திய பிறகுதான் அவள் முடியை விட்டேன்.

கோமதி மதினி என் கணவரின் அக்கா. சங்கரன்கோவிலில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்புவார்கள். எங்கள் வீட்டுக் கோமதியைப் போல ஒருவரும் இல்லை. வரன் தள்ளிக்கொண்டே போனபோது, "எனக்காக நீ காத்துக் கெடக்காதல" என்று தம்பிக்கு முதலில் கல்யாணம் முடித்துவைத்தவர்கள். பிறகு சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குப் போனார்கள்.

ஆபீஸ், விடுதி, மறுபடி ஆபீஸ் என்றே இரண்டு வருடம் ஓடியது. ஜோடியாக ஆடும் சல்சாவை யாரோ போனில் காட்ட, கற்றுக்கொள்ள இடம் தேடியிருக்கிறார்கள். முதலில் போனது உடம்பு குறைக்கும் ஜிம். அடுத்தது கல்யாண வரவேற்புக்குச் சினிமாப் பாட்டுப் பழக்கும் இடம். "மாப்பிள்ளை எங்க மேடம்?" என்று கேட்டார்களாம். "அதத்தான் எங்க அம்மையும் தேடிக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார்களாம்.

அடையாற்றில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில்தான் கடைசியாக வகுப்புக் கிடைத்தது. ஞாயிறு காலை சல்சாவும், அதைவிட மெதுவான பச்சாட்டாவும். வெள்ளி சாயங்காலம் ஒரு காபிக் கடையில் எல்லோரும் கூடி ஆடுவார்கள். 'சோஷியல்' என்று பெயர். பாட்டு மாறினால் ஜோடியும் மாறவேண்டும். யாரும் யாரையும் ஆடக் கூப்பிடலாம், இஷ்டமில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

"அங்கன எந்த ஊரு, என்ன ஆளுகன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கைய நீட்டுவாங்க, அவ்வளவுதான்" என்பார்கள் மதினி.

விஷயம் மாமியார் காதுக்கு வந்தது. "ஏட்டி, ஆம்பள கையப் புடிச்சு ஆடுதியாமே?"

"ஒரு ஆம்பள இல்லம்மா, பாட்டுக்கு ஒருத்தன். எவனோடயும் ஓடிப்போக நேரமே கெடைக்காது, கவலப்படாத."

பொங்கலுக்கு வந்தபோது அடுப்படியில் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். என் மகளைத் தம் பாதங்களின் மேல் நிற்கவைத்து ஆடினார்கள். பாதியில் சட்டென்று அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். உதடு வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்ல, நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுன மாதிரி இருந்துச்சு" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள் என்று இந்த வீட்டில் பெயர் வாங்கியவள்.

அதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பச்சாட்டா ஆடும்போது, மதினியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தவர் பாட்டு முடியுமுன் நின்றுவிட்டார். அவர் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "கோமதி, உங்க நாடி விட்டு விட்டுத் துடிக்குது. நாளைக்கே போய்க் காட்டுங்க" என்றாராம். போனார்கள். இதயச் சுவர் தடித்திருந்தது. "குடும்பத்துல யாராச்சும் சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டதை, மதினி போனில் என்னிடம் கேட்டார்கள்.

நான் மாமியாரிடம் கேட்டேன். மாமனார் நாற்பது வயதில் பம்புசெட்டு பக்கத்தில் விழுந்து கிடந்தார்கள். கரண்டு அடித்துவிட்டது என்று ஊரே சொன்னது. ராயகிரியில் மாமனாரின் தம்பி, சின்ன மாமா, வாலிபால் ஆடும்போதே சரிந்தார். கண்ணு பட்டுவிட்டது என்றார்கள்.

"மாமா கையில கரண்டு அடிச்ச காயம் இருந்துச்சா அத்த?"

"நாந்தான குளிப்பாட்டுனேன். ஒரு பொட்டுக் காயம் இல்ல" என்றார்கள் மாமியார். பிறகு என் கையைப் பிடித்து, "வெளிய சொல்லாத தாயி" என்றார்கள்.

துடிப்பு நின்றுபோனால் தட்டி எழுப்பும் ஒரு சிறு கருவியை நெஞ்சில் பொருத்தச் சொன்னார் டாக்டர். அப்போது இளையரசனேந்தலில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். "நெஞ்சுல மிஷின் வச்சவள எவன் கட்டுவான்? தாலி ஏறட்டும், பெறகு வச்சுக்கிடலாம்" என்று மாமியார் அழுதார்கள். மதினி தள்ளிப்போட்டார்கள். தம்பியிடம் மட்டும், "ஏலே, நீயும் போய்ப் பாரு" என்று வாரம் தவறாமல் சொன்னார்கள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் இவர்.

டாக்டர் ஆடக்கூடாது என்றதிலிருந்து மதினி ஆடவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை போவதை விடவில்லை. புதிதாக வந்து சுவரோரம் கூசி நிற்கிறவர்களைக் கைபிடித்துக் கூட்டிப்போய் ஜோடி சேர்த்துவிடுவார்களாம். "மொத நாள் நானும் அப்படித்தான் நின்னேன். யாரும் தனியா நிக்கப்பிடாது" என்றார்கள். அவர்கள் போனது உறக்கத்தில். ஆட்டத்தில் இல்லை. இதைத் தனியாக எழுதக் காரணம், துட்டி கேட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பாதிப் பேர், "ஆடி ஆடியே போயிட்டா" என்று சொல்லிவிட்டுப் போனதுதான்.

சென்னையிலிருந்து ஒரு வேனில் அந்த நடனக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கே நிற்பதென்று தெரியாமல் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். நாடி பார்த்த அந்த நர்ஸ் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அவங்க தம்பியக் காட்டியாச்சா?"

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். என் பயமெல்லாம் அவளைப் பற்றித்தான். இவர் துணைக்கு வந்தார். டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு இருந்தா அது அப்பா வழியா வந்ததாத்தான் இருக்கும். முதல்ல அவரப் படுக்கச் சொல்லுங்க" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டேதான் சட்டையைக் கழற்றினார். டாக்டரம்மாவும் எங்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஸ்கேன் கருவியை நெஞ்சில் நகர்த்தினார். பிறகு பேச்சு நின்றது. ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். இவர் சிரிப்பு போவதை நான் பார்த்தேன்.

மதினிக்கு இருந்ததேதான் இவருக்கும். அடுத்த வாரம் கருவி பொருத்துகிறார்கள். பிள்ளைக்கு இப்போது ஒன்றும் தெரியவில்லை. "இப்ப இல்லைங்கிறத வச்சு விட்டுராதீங்க, வருஷா வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. இனி ஒவ்வொரு வருடமும் நான் அந்தத் திரைக்கு முன்னால் போய் நிற்கவேண்டும்.

வெளியே சொல்லக்கூடாது என்றதை மீறித்தான் இதை எழுதுகிறேன். ராயகிரியில் சின்ன மாமாவின் பிள்ளைகள் மூன்று பேரும் இதைப் படிப்பீர்கள். கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளைக்கே போங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "அக்கா ஆடுனத நீ பாத்திருக்கியா?" என்று இவர் முதன்முறையாகக் கேட்டார். மதினி அனுப்பிய வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். நீலச் சுடிதாரில், யாரோ ஒருவர் கையைப் பிடித்துச் சுழன்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார்கள். பாட்டு முடிகிறது. அடுத்த ஆளிடம் கையை நீட்டுகிறார்கள். அங்கேயே வீடியோ நின்றுவிடுகிறது. இவர் போனைத் திருப்பித் தரவேயில்லை.

துட்டி வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் நம் வழக்கம். நானும் அப்படியே எழுந்துகொள்கிறேன், மதினி.