எல்லாம் நலம், சாப்

உட்கார்ந்து பேசுங்கள் என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, அவசரப்படாமல், புத்தி சொல்லாமல், காது கொடுத்துக் கேளுங்கள் என்றார்கள். சிறையில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரைப் பார்த்துப் பேச, பட்டாளத்தில் இருந்தவனே போனால்தான் சரிப்படும் என்று தாம்பரத்தில் எங்களில் சிலர் சேர்ந்து ஆரம்பித்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒதுக்கப்பட்டவர் சுபேதார். நான் நாயக்காக ஓய்வு பெற்றவன், அவருக்குப் பல படி கீழே; அவரை மரியாதையாக 'சாப்' என்றுதான் கூப்பிட வேண்டும். சுபேதார் நிற்கும்போது நாயக் உட்கார முடியாது. அவரோ உட்காரவே மாட்டார்.

ஆக, முதல் நாளிலிருந்து நாங்கள் இருவரும் நின்றுகொண்டேதான் பேசினோம். நல அலுவலர் அறையை ஒட்டிய சின்ன அறை. நடுவில் இரண்டு நீல நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். கைதிகளுக்கான வெள்ளைச் சட்டையில் அவர் விறைப்பாக நிற்பார், நான் எதிரே விறைப்பாக நிற்பேன். யாராவது எட்டிப் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

"இன்னா நாயக், ஷேவிங் பண்ணலியா?" இதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"நைட் டூட்டி முடிச்சு நேரா வர்றேன் சாப்."

"டூட்டி முடிஞ்சா மூஞ்சி இருக்காதா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கை எடுத்து, வண்டலூரில் திரும்பி, வெளிவட்டச் சாலையில் தூசி தின்றுகொண்டு, நகரத்தின் அந்தக் கோடிக்கு வந்து, போனைக் கேட்டில் கொடுத்து, தடவவிட்டு உள்ளே போனால், எனக்கே இன்ஸ்பெக்‌ஷன். யாருக்கு யார் துணை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். வாய் மட்டும், "சாரி சாப்" என்றது.

அவர் செய்தது கொலைதான். திட்டமிட்டது இல்லை. ஓய்வு பெற்று அனகாபுத்தூரில் வீடு கட்டி வந்தவர். ஒரு மழைக்கு, சந்தில் தேங்கிய தண்ணீரை எந்தப் பக்கம் வெட்டிவிடுவது என்று அடுத்த வீட்டுக்காரருடன் வாய்ச்சண்டை. அந்த ஆள் ஏதோ சொல்ல, இவர் ஒரே ஒரு தள்ளு தள்ளியிருக்கிறார். படியில் தலை பட்டு அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை. நானும் வண்டலூர் கேட்டருகே ஒரு ஆட்டோக்காரர் சட்டையைப் பிடித்து உலுக்கியவன்தான். அவர் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் போவதற்கு அதுதான் காரணம். சேவை, கீவை என்பதெல்லாம் மற்றவர்களிடம் சொல்வதற்கு.

சுபேதார் தன் மனைவியை ஒருமுறைகூட மனுவுக்கு வரவிடவில்லை. சிறையில் வந்து கம்பி வலைக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு மனு என்று பேர். "அந்தக் கியூவுல நீ வந்து நிக்கக் கூடாது, நான் லீவுல வரும்போது பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாளும் தலையாட்டிவிட்டார். எல்லைப் பக்கம் போஸ்டிங் போட்டால் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது, லீவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்து பழகியவர், இதையும் அந்தக் கணக்கில் வைத்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. ஆகவே இரண்டு பேருக்கும் நடுவே நான்தான் தூது.

ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது சுபேதார் சொல்வார், "வூட்ல சொல்லிடு. இங்க எல்லாம் டீக்." பட்டாளத்து இந்தியில் டீக் என்றால் நலம்.

திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறை வாசலில் எனக்குக் காவல் வேலை. அங்கிருந்து அனகாபுத்தூர் பக்கம்தான். ஷிப்ட் முடிந்து போய்ச் சொல்வேன். "அண்ணி, சாப் நல்லா இருக்காரு."

"எனக்கு இன்னா தம்பி, நானும் நல்லாத்தான் கீறேன்னு சொல்லிடு. டீ குடிச்சிட்டுப் போ."

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள் அந்த டீயைக் கொண்டுவரச் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் அண்ணி இரண்டு தடவை நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கேட்டேன். முதலில் வெயில் என்றார், பிறகு வயசு என்றார். விடாமல் கேட்டதும் சொன்னார். இதயத்தில் வால்வு கெட்டுவிட்டது, திறந்துதான் சரிசெய்ய வேண்டும், தாங்குவாரா என்று டாக்டருக்கே உறுதியில்லை.

"சாப் கிட்ட சொல்றேன் அண்ணி."

"சொல்லாத. அங்க நிக்கிற ஆளுக்கு இதெல்லாம் சொல்லக் கூடாது தம்பி. உனக்குத் தெரியாததா?"

தெரியும். பட்டாளத்து வீடுகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. கையில் துப்பாக்கியோடு நிற்பவனுக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது. என் அப்பாவுக்குச் சர்க்கரையில் காலை எடுத்தது, நான் லீவில் வந்து வாசலில் அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை வந்த ஒவ்வொரு போனிலும் அப்பாவே பேசினார், எல்லாரும் சௌக்கியம் என்றார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது சுபேதாரின் வலது கை நடுங்கியது. இடது கையால் அதைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. ரொட்டிப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தவரை, சூடான தட்டைக் கீழே போட்டுவிட்டார் என்று அங்கிருந்து எடுத்துவிட்டதாக நல அலுவலர் சொன்னார். சரியாகச் சாப்பிடுவதும் இல்லையாம்.

"கை என்னாச்சு சாப்?"

"ஒண்ணும் இல்ல. வூட்ல எப்டி?"

"எல்லாம் நலம், சாப்."

"இங்கயும் டீக்னு சொல்லிடு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நலம். அங்கே போனால் அங்கே நலம், இங்கே வந்தால் இங்கே நலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இரண்டு பேர், அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைய நான் ஒருவன். டூட்டியில் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பட்டறை கேட்டுக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் சும்மாவே நடந்தேன். வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் நடந்தேன். டிவி சத்தம் எரிச்சலாக இருந்தது, அதை அணைத்தால் அமைதி அதைவிட எரிச்சலாக இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். குரோம்பேட்டைப் பக்கம் ஆஸ்பத்திரி. அண்ணியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனவள் என் மனைவி. அங்கே ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அண்ணி அவளிடம் மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறார். உள்ளே போவதற்கு முன் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டால் போதும் என்று. சொன்ன கையோடு, இதை உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லிடாத என்றும் சொல்லியிருக்கிறார்.

என் மனைவி பட்டாளத்துச் சட்டங்களைப் பட்டாளத்தோடு விட்டுவிட்டு வந்தவள். அன்று ராத்திரியே என்னிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். "அவரும் நல்லா இருக்காரு, அவங்களும் நல்லா இருக்காங்க. அப்புறம் நீ எதுக்குக் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகிட்டிருக்கே?"

"அவங்க சொல்லக் கூடாதுன்னு சொன்னா நான் எப்படிச் சொல்றது?"

"உங்க ஆளுங்க கதையே இதுதான். செத்தாக்கூட நல்லபடியா செத்துட்டேன்னு சொல்லி அனுப்புவீங்க." தோசையைத் தட்டில் போட்டாள். "அந்த அம்மா திரும்பி வரலைன்னா, அப்பவும் போய் எல்லாம் நலம்னு சொல்லுவியா?"

தோசையைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அந்த வாரமே சிறைக்குப் போனேன். ஷேவ் செய்துகொண்டுதான் போனேன். அதே அறை, அதே காலி நாற்காலிகள். சுபேதார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"வூட்ல எப்டி?"

எல்லாம் என்று வாய் எடுத்துவிட்டேன். பழக்கம். அங்கேயே நிறுத்தினேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாததால் குதிகால் இரண்டையும் சேர்த்து அட்டென்ஷனில் நின்றேன். பட்டாளத்தில் கெட்ட செய்தியை அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

"வீட்டில் நலம் இல்லை, சாப். அண்ணிக்கு இதய ஆபரேஷன். அடுத்த வாரம். தாங்குவாங்களான்னு டாக்டருக்கே தெரியல. அதுக்கு முன்ன உங்களை ஒரு தடவை பார்க்கணும்னு இருக்காங்க. கேக்கமாட்டாங்க."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கைதான் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது. மறைக்க மறந்துவிட்டார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாடியிலேருந்து, சாப்."

"போஸ்ட் பத்திகினு எரியுது. சென்ட்ரி வாயை மூடிகினு நிக்கிறான்." குரல் ஏறவில்லை, பல்லுக்குள்தான் வந்தது. "உன்னை இன்னா பண்லாம் நாயக்?"

எனக்கும் பொறுமை போய்விட்டது. "என்ன வேணா பண்ணுங்க சாப். ஆனா எரியிற போஸ்ட் ஒண்ணு இல்ல, ரெண்டு. உங்க கை ஆடுது. சாப்பாடு இறங்கல. இதை நான் அங்க போய் டீக்குன்னு சொல்லிட்டு வர்றேன். அவங்க ஒரு வாய் டீ கொண்டாற சுவத்தைப் பிடிச்சிகிட்டு நடக்கிறாங்க. அதை இங்க வந்து நலம்னு சொல்றேன். இனிமே என்னால முடியாது. நீங்க லீவு கேளுங்க."

சுபேதாரிடம் நான் குரலை உயர்த்தியது அதுவே முதல் தடவை. வெளியே இருந்த வார்டர் எட்டிப் பார்த்தார். சிறையிலும் அதற்கு லீவு என்றே பேர், அவசர விடுப்பு, போலீஸ் காவலோடு சில மணி நேரம்.

"கேட்டா குடுப்பாங்களா?" என்றார் சுபேதார். எத்தனையோ பேருக்கு லீவுக்குச் சிபாரிசு செய்த மனிதர் என்னிடம் அப்படிக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரே ஓட்டம். டாக்டர் சான்றிதழுக்கு ஒரு நாள், அதில் முத்திரை இல்லை என்று இன்னொரு நாள், காவலுக்கு ஆள் இல்லை என்று மற்றொரு நாள். ஜிஎஸ்டி சாலையில் என் பைக் போகாத இடைவெளி இல்லை. நல அலுவலர் தன் பங்குக்கு மாடி ஏறி இறங்கினார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம்தான் உத்தரவு வந்தது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. நல்ல மழை. சுபேதாரை ஏற்றி வரும் போலீஸ் வேன் பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டு நகரவில்லை என்று போன் வந்தது. மயக்க மருந்து டாக்டர் சாயங்காலம் அண்ணியைத் தனி அறைக்கு மாற்றிவிடுவார், அப்புறம் யாரையும் விடமாட்டார்கள் என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டார். என் மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஒரு இடத்தில் உட்கார மாட்டியா என்றாள். முடியவில்லை என்றேன்.

சாயங்காலம் நெருங்கும்போது அந்த வேன் வந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சுபேதார் இறங்கினார். அதே வெள்ளைச் சட்டை. மழையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார். சேறு. திட்டாமல் மாடிப்படி ஏறினார்.

வார்டில் அண்ணி தலையணையில் சாய்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், மூச்சு இடம் கொடுக்கவில்லை. சுபேதார் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் வழக்கம்போல் விறைப்பாக நின்றார். நானும் என் மனைவியும் கதவருகே நின்றோம்.

"நல்லாக் கீறீங்களா?" என்று கேட்டார் அண்ணி.

எனக்கு அடுத்த வார்த்தை தெரியும். அதைத்தானே நான் இத்தனை நாளாகச் சுமந்தேன். சுபேதார் வாயைத் திறந்தார், மூடினார். கை கட்டில் கம்பியில் பட்டுத் தடதடவென்று சத்தம் கேட்டது.

"இல்ல" என்றார்.

அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது.

"எனக்கும் பயமாக் கீது" என்றார். "உக்காருங்க."

சுபேதார் திரும்பி ஸ்டூலைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நான் வெளியே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.