நாற்காலியை விடாத கைகள்

நம்பாவிட்டால் போங்கள். லண்டனில், என் ஓவியக்கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது இது.

அரச குடும்பத்தாரை ஒளியில் முப்பரிமாணப் படமாக, ஹோலோகிராமாக, வார்ப்பது என் தொழில். படத்தின் முன் நீங்கள் நடந்தால் உள்ளே இருப்பவர் மெல்லத் திரும்புவார். இளவரசி ரோஸமண்ட் எனக்குத் தந்தது இருபதே நிமிடம். முகத்தை மட்டும் எடுத்தேன். உடம்புக்கு, அவர் அங்கியைப் போர்த்திக்கொண்டு ஈனிட் உட்கார்ந்தாள். அறுபது வயது, கூலிக்கு உட்காருகிறவள்.

"நன்றி, மேடம்" என்று நான் சொன்ன பிறகுதான் நாற்காலியில் இருப்பவர் அசையலாம். அது என் கூடத்து வழக்கம். இளவரசியே காத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை. மூன்றாவது மணி நேரம்.

"இளவரசிக்கெல்லாம் முதுகு வலிக்காதா, மிஸ்?"

"பேசாத ஈனிட். கை ஆடுது."

"மரத்துப் போச்சு. ஒரு வாய் டீ..."

"இளவரசி டீ கேக்க மாட்டாங்க."

"கேக்கறதுக்கு முன்னாடியே வந்துடுமே!"

சிரித்தேன். ஆனால் விடவில்லை. வலியில் நாற்காலிக் கையைப் பற்றிய அந்த விரல்களில்தான் அரச கம்பீரம் இருந்தது.

4.10க்கு முடிந்தது. கையால் வாசலைக் காட்டினேன். அவள் எழவில்லை. 'நன்றி, மேடம்' என்ற அந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள். பிறகு எப்போதோ போய்விட்டாள். மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மறக்கவில்லை. இவளுக்கென்ன 'மேடம்' என்று தோன்றியது.

வெள்ளி, நான்கு மணிக்கு அரண்மனையிலிருந்து ஒருவர் படத்தைப் பார்க்க வருவதாக இருந்தது.

3.20. படத்தின் முன் நடந்தேன். முகம் திரும்பியது.

கைகள் திரும்பவில்லை.

டக்... டக்... விரல் மரத்தில் தட்டும் சத்தம். படத்துக்குச் சத்தம் கிடையாது.

3.31. விரல்கள் இறுகின. நகங்கள் வெளுத்தன.

"ஈனிட்?"

சத்தம் நின்றது.

கைகள் காத்திருந்தன...

'நன்றி, மேடம்' என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் விரல்கள் தளர்ந்துவிடும்.

வாயை மூடிக்கொண்டேன்.

"அந்தக் கைகள்! அபாரம்!" என்றார் நான்கு மணிக்கு அரண்மனையிலிருந்து வந்தவர்.

சனி, காலை 9.05. ஈனிடின் தங்கை பெரில் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா போயிட்டா, மிஸ். செவ்வாய் ராத்திரியேன்னு டாக்டர் சொல்றார். கோட்டக்கூடக் கழட்டல. வீட்டு நாற்காலில நிமிந்து உக்காந்திருந்தா. நேத்து மூணரைக் குதிரைப் பந்தயத்த ரேடியோல கேக்க விடாம மேல யாரோ டக்கு டக்குன்னு தட்டறாங்கன்னு, கீழ்வீட்டுக்காரர் திட்டிக்கிட்டே ஏறிப் போயிருக்கார். அப்பத்தான்..."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நாற்காலியப் பிடிச்ச விரலப் பிரிக்கவே முடியல, மிஸ். உடைக்கணும்கறாங்க. உங்ககிட்டதானே கடைசியா உக்காந்தா... வேற வழி ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.