பதினோராவது கட்டை

இருபத்திரண்டு வருஷமாக பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கிற அச்சு மெஷினோடு மல்லுக்கட்டுகிற அந்த ஆளுக்கு ஆலையில் வைத்த பெயர் கஞ்சன். தரையில் ஒரு பிளாஸ்டிக் குருணை விழுந்தாலும் குனிந்து பொறுக்குவார்.

அன்று காலை சோதனைக்கூடத்தில் ஒரே சிரிப்பு. ஆமணக்கு எண்ணெயிலிருந்து ஆராய்ச்சி மேடம் உருவாக்கிய பிளாஸ்டிக்கில் வார்த்த ஃபியூஸ் கட்டை தேறிவிட்டது. பழுக்கக் காய்ந்த கம்பியை அரை நிமிஷம் அழுத்தி எடுத்ததும் தீ தானாக அணைந்துவிட்டது. நாலு வருஷம் இதற்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர் மேடம். மின்பலகை செய்கிற கம்பெனிக்காரர்கள் மறுநாள் வந்து பார்த்துத் தலையாட்டினால், ஆஸ்பத்திரிகளின் மின்பலகைக்குள் அது போய் உட்காரும்.

"வாயைத் திறந்து சிரிங்க மச்சான், அதுலயுமா கஞ்சத்தனம்?" என்றான் சோதனை பார்க்கிற மைத்துனன்.

கஞ்சன் கருகிய கட்டையை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். மேடத்தின் சரக்கு கருகினால் எண்ணெய் தீய்ந்த வாடை வரும். இதில் அடித்ததோ, தினமும் ஓட்டுகிற பழைய பிளாஸ்டிக்கின் மூக்கை அரிக்கிற நெடி.

பழசு ஓடிய மெஷினில் புதுசைப் போட்டால் முதல் நாற்பது கட்டைகளைத் தூக்கி எறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே ஒட்டிய பழசு முழுசாக வெளியேறும். மேடத்திடம் இருந்த சரக்கோ ஒரே ஒரு வாளி. அதைப் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு வந்திருந்தார். மனசு கேட்காமல் கஞ்சன் பத்தோடு நிறுத்தி, பதினோராவதைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டார். பழசும் புதுசும் ஒரே கறுப்பு, பார்த்தால் தெரியாது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் மேடம்.

"தேறினது உங்க சரக்கு இல்ல மேடம். பாதிக்கு மேல பழசு. நான்தான் சரியா வெளியேத்தாம விட்டுட்டேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா மச்சான்" என்று மைத்துனன் பல்லைக் கடித்தான். மேடம் கருகிய கட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"வாளியில மிச்சம் இருக்கா?"

"இருக்கு."

"போய் முறைப்படி ஓட்டுங்க."

கஞ்சன் இந்தமுறை நாற்பதையும் எறிந்தார். அடுத்த கட்டையில் கம்பி அழுந்தியது. எடுத்த பிறகு முப்பது நொடிக்குள் தீ அணைய வேண்டும். மைத்துனன் வாய்விட்டு எண்ணினான். முப்பத்தொன்று. நாற்பது. ஒரு சொட்டு உருகி விழுந்து, கீழே விரித்திருந்த மெல்லிய தாளும் பற்றிக்கொண்டது. அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஊதி அணைத்தான்.

மேடம் ஃபோனை எடுத்தார். "நாளைக்கு வர வேண்டாம் சார். காலைல சொன்ன ரிசல்ட் தப்பு. கட்டை தேறல."

குரல் பிசிறவில்லை. கஞ்சன், தான் எறிந்த நாற்பது கட்டைகளையும் பொறுக்கப் போனார்.