முகத்தில் படாத முத்திரை

மெஹ்ராஜ் பேகம் கள்ளக்குறிச்சியில் வளையல் கடை வைத்திருக்கிறார். தேசத் தலைவர் ஒருவரின் பிறந்தநாள் வந்தால், அவர் படமுள்ள தபால்தலையை உறையில் ஒட்டி, அன்றைய தேதி முத்திரையைப் பெற்றுச் சேர்ப்பது அவர் வழக்கம். சிறப்பு முத்திரை பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். அவரோ கல்வராயன் மலைக்குப் பேருந்து ஏறுவார். அந்தத் தலைவர்கள் மலைக்கும் தலைவர்கள்தாம் என்பது அவர் கட்சி.

ஒரு காமராசர் பிறந்தநாளில், கரியாலூர் கிளை அஞ்சலகத்தில் உறையை நீட்டினார். அங்கே பொறுப்பிலிருந்த ராணியம்மாள் முத்திரையை மையில் ஒற்றிவிட்டுத் தயங்கினார்.

“பொறந்தநாளும் அதுவுமா தலைவரு மூஞ்சில மையப் பூசறதா? நம்மளால ஆவாதுங்க.”

தபால்தலையைத் தொடாமல், பக்கத்தில் உறையின் வெற்றிடத்தில் குத்திக் கொடுத்தார். மெஹ்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. ஆயினும் அந்த உறையே தொகுப்பின் முதல் பக்கமாயிற்று.

சென்ற ஆண்டு திருக்கோவிலூரில் நடந்த கண்காட்சியில் அத்தொகுப்பை வைத்தார். முதற்பரிசு அவர் நெடுநாள் ஆசை. நடுவர் முதல் பக்கத்தின் முன் நின்றார்.

“முத்திரை ஸ்டாம்பு மேல படவே இல்லம்மா. இது செல்லாது. இத மட்டும் எடுத்துடுங்க, முதல் பரிசு உங்களுக்குத்தான்.”

“எடுக்க மாட்டேன் சார்.”

“செல்லாதத முதல்ல வெச்சா எப்படிங்க பரிசு குடுக்கறது?”

“குடுக்காதீங்க. அந்தம்மா தலைவருக்குக் குடுத்த மரியாதைய நான் கழட்டிப் போட மாட்டேன்.”

கணவர் சுபைர் அவர் காதருகே குனிந்தார். “ஒரு கவருக்கு இம்மாம் பிடிவாதமா? நம்ம கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ பிடிவாதம் பண்ணல.”

“அப்பவே பண்ணியிருக்கணும்.”

பரிசு வேறொருவருக்குப் போயிற்று. மெஹ்ராஜ் தம் தொகுப்பு இருந்த கண்ணாடிச் சட்டத்தைத் தாமே கழற்றி எடுத்துவந்து, கடையில் வளையல் அடுக்குக்கு மேலே மாட்டினார்.

இவ்வாண்டு அதே பிறந்தநாளில் மீண்டும் கரியாலூர் போனார். செய்தி ராணியம்மாளுக்கு முன்பே எட்டியிருந்தது.

“என்னாலதான் பரிசு போச்சாமே. இந்த வாட்டி மேலயே குத்திடறேங்க. கண்ண மூடிக்கினு குத்திடுவேன்.”

“வேணாங்க. போன வாட்டி மாதிரியே பக்கத்துல குத்துங்க. எழுத்து மட்டும் பளிச்சுனு தெரியணும்.”

அடுத்த கண்காட்சிக்கு அவர் தொகுப்பு ஆயத்தமாகிவிட்டது. முதல் பக்கத்தில் இப்போது அத்தகைய உறைகள் இரண்டு.